வீட்டிலிருந்து பணியாற்றல்: நாளொழுங்கு பற்றிய சில சிந்தனைகள்

வீட்டிலிருந்தவாறே கற்போருக்கும் பணிபுரிவோருக்கும் கூறப்படும் அறிவுரைகள் அண்மைக் காலத்திற் பெருகியுள்ளன. அதிகாலையில் எழுக, அலுவலகம் செல்பவர்போல உடுத்துக, தனியறையில் மேசையிட்டு அமர்க, கதவைச் சாத்துக, கைத்தொலைபேசியை எட்டாத இடத்தில் வைக்க, குறித்த நேரத்தில் எழுந்து சிறிது உலாவுக என்றவாறாக அவை அமையும். இவற்றுள் எதனையும் பிழையென ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் இவை யாவும் ஓர் எடுகோளின்மீது கட்டப்பட்டவை. வீட்டிலே தனியறை உண்டு. அதற்குக் கதவு உண்டு. அக்கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை உள்ளேயிருப்பவருக்கு உண்டு. அவர் உள்ளே இருக்கும் வேளையில் உலை வைக்கவும் தண்ணீர் அள்ளவும் வேறொருவர் உண்டு என்பதே அவ்வெடுகோள். இவை நான்கும் வாய்க்கப்பெற்றவருக்கு நல்ல பழக்கம் என்பது பெரும்பாலும் மனவுறுதியைப் பொறுத்த விடயமே. வாய்க்கப்பெறாதோர் யாது செய்வர்? நம்மிற் பலர் அவ்வகையினர் ஆதலின் இவ்வினா சற்று ஆராயத்தக்கது.

வீட்டிலிருந்து பணியாற்றுவது புதுமையன்று. நெசவாளியின் தறியும் பொற்கொல்லரின் பட்டறையும் குயவரின் திரிகையும் வீட்டோடு ஒட்டியே இருந்தன. நமது பழைய கல்விமுறையும் ஆசிரியர் வீட்டுத் திண்ணையிலேயே நடைபெற்றது. வேலை வீட்டைவிட்டு வெளியேறித் தொழிற்சாலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் புகுந்தமைதான், வரலாற்று நோக்கிற் பார்க்குமிடத்து, பிற்காலத்து நிகழ்வு. ஆங்கில வரலாற்றாசிரியரான ஈ. பி. தொம்சன் 1967 இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இம்மாற்றத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார். தொழிற்சாலைக்கு முற்பட்ட சமூகங்களிலே காலம் வேலையைக் கொண்டே அளக்கப்பட்டது என்பது அவருடைய கருத்து. மடகஸ்காரிலே ஏறக்குறைய அரைமணி நேரத்தைச் சோறு வேகும் நேரம் எனக் குறித்தமையை அவர் எடுத்துக்காட்டுவார். தொழிற்சாலை தோன்றிய பின்னரோ காலத்தைக் கொண்டு வேலை அளக்கப்படலாயிற்று. மணி அடித்தால் வேலை தொடங்கும். மணி அடித்தால் முடியும். இடைப்பட்ட நேரம் முதலாளிக்கு விற்கப்பட்டதாகும். ஆனால் குழந்தை வளர்க்கும் பெண்ணின் வேலை மட்டும் கடிகாரத்துக்கு முற்றாகக் கட்டுப்படாது பழைய முறையிலேயே எஞ்சி நின்றது என்பதையும் அவர் கவனிக்கத் தவறவில்லை.

1973 இல் அமெரிக்கரான ஜக் நில்ஸ் என்பவர் தொலைத்தொடர்பின் துணையோடு அலுவலகத்துக்கு வெளியேயிருந்து பணியாற்றும் முறைக்குப் பெயரொன்று சூட்டி ஆய்வு நடத்தினார். அப்பொழுது அது ஒரு சிலரின் கருத்தாகவே இருந்தது. 2020 இல் கொவிட்-19 நோய் பரவிய வேளையில் அது உலகெங்கும் ஒருசில வாரங்களுக்குள் நடைமுறையாயிற்று. வேலை வீட்டுக்குத் திரும்பியது என்று இதனைக் கூறுவர். இக்கூற்று பாதியே உண்மை. தறியும் பட்டறையும் இருந்த காலத்து வேலையன்று திரும்பி வந்தது. தொழிற்சாலையின் கடிகாரத்தையும் உடன் அழைத்துக்கொண்டே வேலை வீட்டுக்குள் நுழைந்தது. உலையும் கிணறும் குழந்தையும் முதியோரும் ஆளுகின்ற வீட்டுக் காலமும், அட்டவணை ஆளுகின்ற அலுவலகக் காலமும் ஒரே கூரையின்கீழ் மோதலாயின. வீட்டிலிருந்து பணியாற்றுவோரின் இடர்ப்பாடுகளிற் பெரும்பாலானவை இம்மோதலிலிருந்தே தோன்றுகின்றன எனலாம்.

நமது நாட்டிலே 2020 மார்ச் மாதத்திற் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. லேர்ன் என வழங்கும் இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பின் ஊடாகச் சூம் செயலிவழி விரிவுரைகள் நடைபெறலாயின. என்னுடைய அணியினர் பல்கலைக்கழக வாயிலைக் காணுமுன்னரே முதலாம் வருடப் பாடங்களைக் கைத்தொலைபேசியிற் கேட்கத் தொடங்கியவர்கள். நோய்க்காலம் தணிந்தது எனக் கருதிய வேளையிலே பொருளாதார நெருக்கடி வந்து சேர்ந்தது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை நீடித்தது. அதே ஆண்டு யூன் மாதத்தில் எரிபொருள் இன்மையால் அரச ஊழியரும் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணிக்கப்பட்டனர். மீண்டும் நாம் வீட்டுக்குள் அமர்ந்தோம். ஒழுங்கான நாளொன்றை அமைத்துக்கொள்வதென்றால் என்ன என்பதை நான் கற்றுக்கொண்டது அக்காலத்திலேயே ஆகும்.

எங்கள் வீடு வடமராட்சிக் கிராமமொன்றில் உள்ளது. இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் ஒரு குசினியும் கொண்டது. அப்பா விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விடுவார். அம்மம்மா, அம்மா, தம்பி, நான் ஆகிய நால்வரும் பகல் முழுவதும் வீட்டில் இருப்போம். தம்பிக்கும் பாடசாலை வகுப்புகள் தொலைபேசியிலேயே நடைபெற்றன. விறாந்தையின் ஒரு மூலையில் அவனுடைய கதிரையும் மறுமூலையில் என்னுடைய கதிரையும் இருந்தன. இருவரும் ஒரே வகையான கருவியை ஒரே வகையாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் குசினியிலிருந்து வரும் குரல் என்னை நோக்கியே வரும்.

"பிள்ளை, ஃபோனைப் பாத்துக்கொண்டு சும்மாதானே இருக்கிறாய், உந்தத் தேங்காயை ஒருக்காத் திருவித் தாவன்" என்பார் அம்மம்மா.

இதில் அம்மம்மாவைக் குறைகூற எனக்கு மனமில்லை. வயலில் நிற்பதும் அடுப்படியில் நிற்பதும் அவருடைய கண்ணுக்கு வேலையாகத் தெரிந்தன. கதிரையில் அமர்ந்திருப்பது அவ்வாறு தெரியவில்லை. தம்பி அமர்ந்திருந்தால் அது படிப்பு. நான் அமர்ந்திருந்தால் அது ஓய்வு. இவ்வேறுபாடு எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலிருந்து படித்த என் தோழியர் பலரிடமும் இதே கதையைக் கேட்டுள்ளேன். பாக்கு நீரிணைக் கரையிலிருந்தாலும் மலையகத்து லயத்திலிருந்தாலும் வீட்டிலிருக்கும் பெண்பிள்ளை முதலில் மகள், பின்னரே மாணவி. கதவில்லாத விறாந்தையில் மனவுறுதி மட்டும் என்ன செய்யும்?

இதற்கு விடை நான் எதிர்பாராத இடத்திலே கிடைத்தது. அம்மா இருபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டிலிருந்தே தையல்வேலை செய்து வருகின்றார். கால்மிதித் தையற்பொறி ஒன்றே அவருடைய தொழிற்சாலை. பாடசாலைச் சீருடை, சாறிச் சட்டை, குழந்தைகளின் உடுப்பு எனக் கிராமத்தில் வேண்டப்படுவன யாவும் அதில் உருவாகும். வீட்டிலிருந்து பணியாற்றும் கலையை இணையத்தில் தேடிக்கொண்டிருந்த எனக்கு, அக்கலையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் பத்தடி தூரத்தில் அமர்ந்திருப்பது மெல்லவே புலப்பட்டது. அதன்பின் அவர் வேலைசெய்யும் முறையைக் கவனிக்கலானேன்.

முதலாவதாக, அம்மா எல்லா வேலைகளையும் ஒரே தன்மையனவாகக் கருதுவதில்லை. துணி வெட்டுவது காலை வெளிச்சத்தில் மட்டுமே. வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட முடியாதாதலின் அவ்வேளையில் அவர் எவருடனும் பேசமாட்டார். பொறியில் தைப்பது முற்பகலிலும் பிற்பகலிலும். தெறி தைத்தல், கொளுக்கி பூட்டல், ஓரம் மடித்தல் ஆகிய கைத்தையல் வேலைகள் மாலையில். அயலவர் வந்து கதைத்தாலும் அவை தடைப்படுவதில்லை. வேலையை அது எடுக்கும் நேரத்தைக் கொண்டன்றி அது கேட்கும் கவனத்தைக் கொண்டே அவர் பிரித்து வைத்திருந்தார். இரண்டாவதாக, நாள் முடியும்போது மறுநாளின் முதல் வேலையை ஆயத்தம் செய்துவிடுவார். ஊசியில் நூல் கோத்திருக்கும். அடுத்த துணியிற் சோக்கினாற் கோடு இழுத்திருக்கும். எங்கே தொடங்குவது என்ற தயக்கம் மறுநாட் காலையில் அவருக்கு நேர்வதில்லை. மூன்றாவதாக, அளவுக் கொப்பியிலே பெயரும் அளவும் கொடுக்கவேண்டிய நாளும் எழுதாமல் எந்தத் துணியையும் அவர் ஏற்பதில்லை. நான்காவதாக, செக்கல் பொழுதில் விளக்கு வைக்குமுன் பழைய சேலைத்துண்டொன்றால் தையற்பொறியை மூடிவிடுவார். மூடியபின் படலையடியில் எவர் வந்து கூப்பிட்டாலும் "நாளைக்கு வாங்கோ" என்பதே பதில். தீபாவளிக்கு முந்திய வாரம் மட்டும் இவ்விதிக்கு விலக்கு.

இந்நான்கினுள் இறுதியானது ஆழ்ந்த பொருளுடையது என்று நான் எண்ணுகிறேன். சிங்கப்பூரிலே மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கிய நோத்கோட் பாக்கின்சன் 1955 இல் எழுதிய கட்டுரையிலே, ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகின்றதோ அவ்வளவு நேரத்துக்கும் அவ்வேலை விரிந்துகொள்ளும் என்னும் கருத்தை நகைச்சுவையோடு நிறுவினார். அவர் நோக்கியது அரச அலுவலகங்களை. ஆயினும் அக்கருத்து வீட்டுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். வீட்டிலே மாலை மணி ஒலிப்பதில்லை. பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுவதுமில்லை. எனவே படிப்பு இரவுவரை நீளும். அவ்வாறு நீளும் என்பதை அறிந்த மனம் காலையில் ஊக்கமின்றி இருக்கும். தொடங்குவதற்கு ஒரு பழக்கம் வேண்டும் என்பதைப் பலரும் கூறுவர். முடிப்பதற்கும் ஒரு பழக்கம் வேண்டும் என்பதை அந்தச் சேலைத்துண்டு எனக்கு உணர்த்தியது.

பழக்கம் எவ்வாறு உருவாகின்றது என்பதை உளவியலாளர் ஆராய்ந்துள்ளனர். வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளியிட்ட உளவியல் நூலில் இதற்கெனத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியோரும் 2009 இல் வெளியிட்ட ஆய்விலே 96 பேர் பங்குகொண்டனர். ஒவ்வொருவரும் ஒரு சிறு செயலைத் தெரிந்தெடுத்து, காலையுணவின் பின் என்றாற்போல அன்றாட நிகழ்ச்சியொன்றோடு இணைத்து நாள்தோறும் செய்து வந்தனர். அச்செயல் தன்னியல்பாக நிகழும் நிலையை எட்டுவதற்கு எடுத்த நாட்களின் இடையம் 66 ஆக அமைந்தது. ஆயின் ஆளுக்கு ஆள் வேறுபாடு பெரிது. கணிப்பின்படி 18 நாள் தொடக்கம் 254 நாள் வரை அது விரிந்தது. ஒரு நாள் தவறவிட்டமையாற் பழக்கம் உருவாவது குறிப்பிடத்தக்க அளவிற் பாதிக்கப்படவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவுகளுள் ஒன்று. 21 நாட்களில் எப்பழக்கமும் படிந்துவிடும் எனப் பரவலாகக் கூறப்படுவதை இம்முடிவு ஆதரிக்கவில்லை.

இவ்வாய்விலே என்னைக் கவர்ந்தது நாட்கணக்கன்று. பழக்கம் கடிகாரத்தின் முள்ளோடன்றி ஒரு நிகழ்ச்சியோடு இணைக்கப்பட்டிருந்தது என்பதே. 2022 இல் மின்வெட்டு வலயங்கள் எழுத்துகளாற் குறிக்கப்பட்டு, நேரங்கள் நாளுக்கு நாள் மாற்றி அறிவிக்கப்பட்டன. காலை 9 மணிக்குப் படிப்பேன் என்று ஒருவர் உறுதிபூண்டால் அவ்வுறுதி மறுநாளே குலைந்துவிடும். அம்மாவின் நாளோ குலையவில்லை. கால்மிதிப் பொறிக்கு மின்சாரம் வேண்டியதில்லை என்பது ஒரு காரணம். அவருடைய நாள் மணிக்கணக்கிலன்றி வெளிச்சத்திலும் உலையிலும் விளக்கிலும் கட்டப்பட்டிருந்தது என்பது மற்றொரு காரணம். தொம்சன் கூறிய சோறு வேகும் நேரம் எங்கள் வீட்டில் இன்னும் வழக்கொழியாது இருந்தது.

ஆகவே எனது நாளையும் அவ்வாறே அமைத்துக்கொண்டேன். அம்மா துணி வெட்டும் வேளையில் வெட்டும் மேசையின் மறுமுனையில் அமர்ந்து இலக்கண உரைகளை வாசிப்பேன். என்னுடைய பாடங்களில் அதிக கவனம் கேட்பது அதுவே. உலை இறக்கியபின் குறிப்பெடுப்பேன். மின்சாரம் வரும் வேளை எதுவாயினும் அப்போது விரிவுரைப் பதிவுகளைத் தரவிறக்குவேன். எழுதியதைப் படியெடுத்தல், தலைப்பிடுதல் முதலிய சிறுவேலைகளை மாலைக்கு ஒதுக்கினேன். அம்மா பொறியை மூடும்போது நானும் கொப்பியை மூடுவேன். மூடுமுன் மறுநாள் வாசிக்கவேண்டிய பக்கத்தில் ஓர் ஈர்க்கினை வைத்துவிடுவேன்.

எனினும் இவ்வொழுங்கு என்னால் மட்டும் நிலைநாட்டக்கூடியதன்று. வீடு முழுவதும் உடன்படாமல் வீட்டிலிருக்கும் ஒருவரின் பழக்கம் நிலைக்காது. ஒருநாள் இரவு குப்பிவிளக்கு வெளிச்சத்தில் நாட்காட்டித் தாளொன்றின் பின்புறத்தில் எங்கள் ஐவரின் வேலைகளையும் எழுதினோம். விரிவுரை நேரங்கள், தம்பியின் வகுப்புகள், அப்பாவின் தோட்ட வேலை, மண்ணெண்ணெய் வரிசைக்குப் போகும் முறை, தண்ணீர் அள்ளல், தேங்காய் திருவல் ஆகிய யாவும் அதில் இடம்பெற்றன. தேங்காய் திருவும் வேலை ஒன்றுவிட்ட நாள் தம்பிக்கு உரியதாயிற்று. அவன் முணுமுணுத்தான், ஆனால் திருவினான்.

அத்தாளை எழுதியபோதுதான் மற்றொரு விடயம் தெளிவாயிற்று. எல்லோருடைய பெயருக்கு எதிரேயும் வெற்றிடம் சிறிதேனும் இருந்தது. அம்மாவின் பெயருக்கு எதிரே இல்லை. நாங்கள் வீட்டுக்குத் திரும்பியமையால் எங்களுக்கு வேலையிடம் மாறியது. அவருக்கோ வேலை கூடியது. வெட்டும் மேசையின் பாதியும் போயிற்று. வீட்டிலிருந்து பணியாற்றுவோரின் ஒழுங்கான நாள் பெரும்பாலும் மற்றொருவரின் ஓய்வற்ற நாளின்மேல் நிற்கின்றது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் தொழிற்படை ஆய்விலே, ஊதியமின்றி வீட்டுவேலையில் மட்டும் ஈடுபடுவோர் பொருளாதார ரீதியிற் செயற்படாதோர் என்ற பிரிவினுள் அடங்குவர். வீட்டிலிருந்து ஊதியத்துக்கு உழைப்போரையும் ஏனைய தொழிலாளரோடு சமமாக நடத்தவேண்டும் என வலியுறுத்தும் சமவாயத்தைச் சர்வதேசத் தொழில் நிறுவனம் 1996 இல் நிறைவேற்றியது. அம்மா இவ்விரு வகையான வேலைகளையும் ஒரே நாளிற் செய்பவர். அவர் எங்களிடம் எதனையும் கேட்கவில்லை. எனினும் மத்தியானச் சாப்பாட்டின் பின் ஒரு மணிநேரம் அம்மாவை எவரும் கூப்பிடுவதில்லை என்று அத்தாளின் இறுதியில் எழுதினோம். நாங்கள் ஏற்படுத்திக்கொண்ட விதிகளுள் கடைப்பிடிப்பதற்கு மிகவும் கடினமாயிருந்தது அதுவே. அம்மாவுக்கும் அது கடினமாயிருந்தது. அவ்வேளையிற் சும்மா இருக்க அவருக்குப் பல நாட்கள் தெரியவில்லை.

அம்மம்மாவிடம் ஏற்பட்ட மாற்றம் மெல்லவே நிகழ்ந்தது. விரிவுரையாளரின் குரலை விறாந்தையில் இருந்தவாறு அவரும் கேட்கத் தொடங்கினார். இராமாயணப் பகுதியொன்று நடைபெற்ற நாளில் தமக்குத் தெரிந்த கதையோடு அதனை ஒப்பிட்டுப் பேசினார். அதன்பின் அயலவர் எவரேனும் வந்தால், "பிள்ளைக்கு வகுப்பு நடக்குது, மெல்லக் கதையுங்கோ" என்று படலையிலேயே சொல்லிவிடுவார். விறாந்தைக்குக் கதவு இல்லாத குறையை அவருடைய அச்சொல் தீர்த்துவைத்தது.

பெண்ணொருத்தி எழுதவேண்டுமாயின் பூட்டக்கூடிய தனியறையும் ஆண்டுக்கு 500 பவுண் வருமானமும் வேண்டும் என வேர்ஜினியா வூல்வ் 1929 இல் வெளியான தமது நூலில் வாதிட்டார். அவ்வாதத்தின் வன்மை இன்றும் குன்றவில்லை. தனியறைக்கு மாற்றாகப் பிறர் மதிக்கும் நேரம் ஓரளவு உதவும் என்பதே எனது அனுபவம். ஓரளவு என்று நான் கூறுவதற்குக் காரணம் உண்டு. வீட்டார் எவ்வளவு உடன்பட்டாலும் தொலைபேசி இல்லாதவருக்குத் தொலைபேசியோ, அலைவரிசை எட்டாத ஊருக்கு அலைவரிசையோ அவ்வுடன்பாட்டினாற் கிடைத்துவிடாது. அவற்றை வழங்குவது பல்கலைக்கழகத்தினதும் அரசினதும் கடமை. பிரதேச சபை நூலகங்களின் வாசிப்பறைகள் மாலையில் இன்னும் சற்றுநேரம் திறந்திருப்பின் இடமில்லாத வீடுகளைச் சேர்ந்த மாணவர் பலர் பயனடைவர். நல்ல பழக்கம் பற்றிய அறிவுரை, இல்லாமையை மறைக்கும் திரையாகவோ இடர்ப்படுவோரைச் சோம்பேறிகள் எனப் பழிக்கும் கருவியாகவோ மாறிவிடலாகாது.

இன்று விரிவுரை மண்டபங்கள் மீண்டும் நிரம்பியுள்ளன. ஆயினும் நம்மிற் பலர் பட்டம்பெற்ற பின்னர் மொழிபெயர்ப்பு, இணையவழிக் கற்பித்தல், பதிப்புப்பணி முதலியவற்றை வீட்டிலிருந்தே செய்யக்கூடும். அப்பொழுது எங்கே மேசையிடுவது, எத்தனை மணிக்கு எழுவது என்ற வினாக்கள் மீண்டும் எழும். அவற்றுக்கு விடை தேடுமுன், அவ்வீட்டில் ஏற்கெனவே பணியாற்றிக்கொண்டிருப்பவர் யார் என்று கேட்பது நன்று. அவர் எப்போது தொடங்குகின்றார், எப்போது முடிக்கின்றார், முடிக்க விடப்படுகின்றாரா என்பவற்றை அறிந்த பின் நமது நாளை அமைப்போமாயின், அவ்வொழுங்கு நெடுநாள் நிலைக்கும் என்பது என் நம்பிக்கை.